நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கோப்பிலிருந்து ஒரு தாள் எடுக்கப்பட்டாலோ, பிரதி எடுக்கும்போது ஒரு தாள் விடப்பட்டாலோ, அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைக்க வேண்டும். அதில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: விடப்பட்ட பக்கத்தின் எண், விடப்பட்டதற்கான காரணம், விட்டவரின் சுருக்கொப்பம், தேதி. நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் இது எழுதப்பட்ட விதி. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பேன். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை இரண்டாம் நாள் சொல்வேன்.

இந்த விதியை என் வாயால் கேட்டவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். அதை மனத்தில் வைத்துக்கொண்டவர் ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்தவர் இல்லை, அரசு ஊழியரே இல்லை. தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில், கட்டுக்கட்டாக வரும் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையில் இருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காது. ஏன் என்று அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால், ஆளுக்கு ஒரு காரணம் சொல்லியிருப்பேன்.

அவரைச் சொல்வதற்கு முன் புத்தகத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து வந்த என் மைத்துனர் கெட்டி அட்டை போட்ட, பெரிய அளவுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒருவகைக் கதை ஆட்டத்தின் விதி நூல் அது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். “முன்னால் ஒரு பாலம், பலகைகள் உளுத்திருக்கின்றன, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்பார். அவர்கள் செய்வதைச் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடையும் புத்தகத்தின் விதியும் சேர்ந்து முடிவு செய்யும். சுவர் ஏற விதி, குதிரை வாங்க விதி, பொய் சொல்லவும் ஒரு விதி. எனக்காகவே அச்சடித்ததுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தியாகராய நகரில் என் நண்பன் ரங்கன் வீட்டில் ஆடினோம். ரங்கன் வங்கி ஊழியன். ஆட்டத்தில் வைத்தியன். இன்னொருவன் ஏழுமலை. சைதாப்பேட்டைக்காரன், எங்கள் அலுவலகத்து லிப்டைப் பழுது பார்க்க வருபவன். ஒருநாள் லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட என்னை வெளியே எடுத்த பழக்கத்தில் ஆட்டத்துக்கு வந்தான். அவனுடைய பாத்திரம் சிங்காரம் என்ற ஓடக்காரன். இந்த ஆட்டத்தில் ஒரு பாத்திரத்துக்கு ஒரு தாள். பலம், காயம், கற்றது, பெற்றது எல்லாம் அதில் பென்சிலில் ஏறிக்கொண்டே போகும். பாத்திரம் செத்தால் தாள் மூடப்படும். திருப்பிக் கொண்டுவர வழியில்லை. ஏழுமலை சிங்காரத்தின் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்பேனர் பையில் வைத்திருந்தான். மூன்று வருடமாக அந்தத் தாளில் ஒரு கிரீஸ் கறை கிடையாது.

“நம்மளாண்ட கீறதுல ரிப்பேரே ஆவாதது சிங்காரம் ஒருத்தன்தான் சார்” என்பான்.

கதையை நடத்துவது நான். புத்தகம் என்னுடையது என்பதால் அதில் விவாதமே எழவில்லை. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயரும் மயிலாப்பூர் விலாசமும் எழுதியிருந்தேன். ஆட்ட நேரத்தில் நடத்துபவரைத் தவிர யாரும் நூலைத் தொடக்கூடாது என்று நானே ஒரு விதி சேர்த்தேன். சந்தேகம் வரும்போது இரண்டு நாற்காலிகளும் என் பக்கம் திரும்பும்.

“கண்டக்டர் சார், இருட்டுல அம்பு வுட்டா மாட்டுமா?” என்பான் ஏழுமலை. கதையை நடத்துகிறவன் என்பதால் அவனுக்கு நான் கண்டக்டர்.

“அறுபத்து நாலாம் பக்கம், இரண்டாவது பத்தி” என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். பிறகு திறந்து காட்டுவேன். அங்கேதான் இருக்கும். ஏழுமலை உதட்டைப் பிதுக்கித் தலையாட்டுவான். என் சொந்த வீட்டில் இப்படி யாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டியதில்லை.

இப்போது அவர். ரங்கன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, சாமி படத்துக்குப் போடுவதுபோல் அதற்குப் பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருந்தான். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வருவதாகச் சொன்னான். அப்படி வந்தவர்தான். முப்பது முப்பத்திரண்டு வயது, பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பனகல் பார்க் அருகே அண்ணனுக்குப் பாத்திரக்கடை, தாயாரோடு அடையாற்றில் வாசம். ரங்கனுக்குப் பாடம் முடிந்த பிறகும் போகாமல், நாங்கள் ஆடுவதை ஒரு மணி நேரம் நின்றபடி பார்த்தார். அப்புறம் கேட்டார்.

“இதுக்கு உள்ள ரூல் எல்லாம் இந்த ஒரு புக்குலதான் இருக்கா சார்?”

“ஆமாம்.”

“நீங்க ஊருக்குப் போயிட்டா?”

“ஆட்டம் கிடையாது.”

“அப்ப ரூல் புக்குல இல்ல சார். உங்க கையிலல்லா இருக்கு.”

ஏழுமலை சிரித்தான். மூன்று வருடத்தில் நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவன் அப்படிச் சிரித்ததில்லை. அடுத்த ஞாயிறு அவருக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது. பாத்திரம் என்ன வேண்டும் என்று கேட்டேன். வாள்வீரர், மந்திரவாதி என்று பட்டியலே இருந்தது. அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, கயிறு திரிப்பவள் என்று எடுத்துக்கொண்டார்.

“சண்டைக்குப் போற எடத்துல கவுறு இன்னாத்துக்கும்மா?” என்றான் ஏழுமலை.

“இருக்கட்டும், பாத்துக்கிடுவோம்” என்றார்.

பாத்துக்கிடுவோம் என்பது அவரிடம் வெறும் வாய்ப்பழக்கம் இல்லை. அவர் பார்த்தபின்தான் எதையும் சொல்வார். அவரைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன். ஜோல்னாப் பையில் ஆறங்குல எஃகு ஸ்கேல் ஒன்று இருக்கும். எந்தத் தாளைப் படித்தாலும் அதை வரிக்கு அடியில் வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். தொழில் பழக்கம். கல்யாணப் பத்திரிகையையும் அப்படித்தான் படிப்பார். ஒருமுறை பாண்டி பஜார் ஓட்டலில் நாங்கள் நால்வரும் காப்பி குடிக்கப் போனபோது, மேசையில் இருந்த விலைப் பட்டியலுக்கு அடியில் ஸ்கேலை வைத்தார். சர்வர் பொறுமையாக நின்றுவிட்டு, “ஆபீசர் மேடம், ஆடிட்டா?” என்று கேட்டார். அவர் தலை நிமிராமல், “வடை ரெண்டு தடவ போட்டிருக்கு, பாத்தீங்களா?” என்றார். பட்டியலில் வடை உண்மையாகவே இரண்டு இடத்தில் இருந்தது. சர்வர் பல வருடமாக அதைப் பார்க்கவில்லை. நானும்தான்.

பஸ் நிறுத்தத்தில் நின்றால் இன்னும் மோசம். தூரத்தில் பஸ்ஸின் நெற்றி தெரிந்ததுமே நான் சொல்லிவிடுவேன், “உங்கள் அடையாறு பஸ்தான்.”

“நம்பர் தெரியல சார்.”

“எனக்கு இந்த ரோடு இருபது வருடப் பழக்கம்.”

“சரி சார்” என்று அதே இடத்தில் நிற்பார். பஸ் அருகில் வரும். சைதாப்பேட்டை டிப்போவுக்குப் போகிற வண்டியாக இருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், ஒரு பார்வையும் கிடையாது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தவறைச் சுட்டிக்காட்டுகிறவனோடு சண்டை போடலாம்.

இரண்டு மாதம் போனபின், புத்தகம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறேன் என்றார். எந்த விதி வேண்டுமானாலும் ஒரு சொல்லைத் தட்டினால் திரையில் வருமாம்.

நான் நடைமுறையைக் கொண்டு தடுத்தேன். “பதிப்பாளர் அனுமதி இல்லாமல் எப்படி? எழுதிக் கேட்க வேண்டும்.”

இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். அவர் அந்த வாரமே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். பொருள், பார்வை எல்லாம் நான் ஒருமுறை ஏதோ பேச்சில் சொன்ன அரசு முறைப்படியே இருந்தது. நூலின் உரிமையாளர் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும், பதில் என் விலாசத்துக்கு வரும். ஒரு பிழை தேடினேன். இல்லை. கையெழுத்திட்டேன். பதில் வரவில்லை.

“அவா எப்போ பதில் போடறது, நாம எப்போ ஆரம்பிக்கறது?” என்றான் ரங்கன். “நம்ம ஆத்துல வெச்சுண்டு நாமளே பாக்கப்போறோம். யாருக்கு விக்கப்போறோம்? புஸ்தகத்தைக் குடும் ஓய்.”

புத்தகத்தைத் தர மாட்டேன், பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன். மயிலாப்பூர்க் குளத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு நானே போனேன். பெரிய அளவுப் புத்தகம், ஒரு தடவைக்கு ஒரு பக்கம்தான். கண்ணாடியில் நானே கவிழ்த்து வைத்தேன். கடைக்காரர் பட்டனை மட்டும் அழுத்தினார். நூற்றுப் பதினொன்று ஆயிற்று. தாளைத் திருப்பினேன், இடப்பக்கத்தை விட்டுவிட்டு, வலப்பக்கத்தில் இருந்த நூற்றுப் பதின்மூன்றை வைத்தேன்.

“ஒண்ணு வுட்டீங்களே சார்” என்றார் கடைக்காரர்.

“தெரியும்” என்றேன்.

கை தவறியது என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. நூற்றுப் பதினொன்றாம் பக்கம், கனத்த உடையோடு தண்ணீரில் விழுந்த பாத்திரம் எப்படிச் சாகும் என்பது. பக்கத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி. அதோடு விதி முடிந்ததுபோலவே தோன்றும். விதிவிலக்கு பக்கத்தைத் திருப்பினால்தான் வரும். என்றைக்காவது ஒருநாள் கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லும், அப்போது நான் நிதானமாகப் பழுப்பு அட்டையைத் திறப்பேன், நாற்காலிகள் மறுபடியும் என் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் என் திட்டம். முப்பது வருடம் கோப்பில் பக்க எண்களைச் சரிபார்த்தவன் போட்ட திட்டம்.

மறு ஞாயிறே வந்து கேட்டார். “சார், நூத்திப்பன்னெண்டு வரல.”

“அது வெறும் படம். எழுத்தே இல்லை. வேண்டாமென்று விட்டேன்.”

“சரி சார்” என்றார். பஸ் நிறுத்தத்தில் சொல்லும் அதே சரி.

அன்று மாலையே, வேறு ஏதோ பேச்சில், ஆற்றாமையால் என்றுதான் சொல்ல வேண்டும், கோப்பில் தாள் விடுபட்டால் வெள்ளைத் தாள் வைக்கும் விதியை நான் அவர்களுக்கு விளக்கினேன். எண், காரணம், சுருக்கொப்பம், தேதி. ரங்கன் கொட்டாவி விட்டான். அவர் மட்டும் கேட்டார்: “காரணத்த யாரு சார் எழுதணும்?”

“விட்டவர்தான்.”

வேலை முடிந்து வந்து மாலைகளில் உட்கார்ந்து புத்தகம் முழுவதையும் ஏற்றினார். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடியும் ஒருமுறை ஏற்றினார். அவர்கள் கம்பெனியில் அப்படித்தானாம். இரண்டு முறை ஏற்றி, இரண்டையும் கம்ப்யூட்டரே ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தைக் காட்டும். அப்படிப் பார்த்ததில் அவருடைய பிழை சில அகப்பட்டன. புத்தகத்தின் பிழையும் இரண்டு அகப்பட்டன. நான் ஆண்டுக்கணக்கில் மனப்பாடமாகச் சொல்லிவந்த ஒரு விதியில் அச்சுப்பிழை. அட்டவணை ஒன்று சொல்கிறது, வாக்கியம் வேறு சொல்கிறது.

“இதுல எது சரின்னு எனக்குத் தெரியாது சார், ரெண்டையும் அப்படியே வச்சிருக்கேன்” என்றார். எனக்கு அதில் ஒருபோதும் சந்தேகமே வந்ததில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அதன்பின் நாற்காலிகள் கம்ப்யூட்டர் மேசைப் பக்கம் திரும்பின. பச்சை எழுத்துத் திரை. ஏழுமலை கேட்பான், அவர் தட்டுவார், நான் அறுபத்து நாலு என்று வாயெடுப்பதற்குள் விதி திரையில் நிற்கும். நான் கதையைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். மலை, மழை, கொள்ளையர் எல்லாம் நானே சொல்ல வேண்டும். கோவிலில் பிரசாதம் எங்கோ கொடுக்கும்போது வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவன்போல இருந்தது. மின்வெட்டு வரும் ஞாயிறுகளில் மட்டும் எனக்குப் பசி எடுக்கும். ஒருமுறை கரண்ட் போய்விட்டபோது, ரங்கனின் வைத்தியன் காய்ச்சலுக்கு எத்தனை நாள் மருந்து தர வேண்டும் என்ற கேள்வி வந்தது.

“கரண்ட் வந்ததும் பாத்துச் சொல்லுதேன்” என்றார் அவர்.

“நான்கு நாள்” என்றேன் நான், புத்தகத்தைத் திறக்காமல். நான்கு நாள் மருந்து கொடுக்கப்பட்டது. நோயாளி செத்துப்போனான். கரண்ட் வந்ததும் ஏழுமலையே எழுந்துபோய்த் தட்டிப் பார்த்தான். அதற்குள் அவனுக்கும் அவர் கற்றுக்கொடுத்திருந்தார்.

“அஞ்சு நாளுன்னு கீது சார்.”

அவர், தட்டில் இருந்த முறுக்கை என் பக்கம் நகர்த்தினார்.

பாலத்துக் கதைக்கு வருகிறேன். என் கதையில் ஒரு பாலம் வந்தது. கீழே வெள்ளம். பலகைகள் உளுத்தவை. ரங்கனும் கயிற்றுக்காரியும் கடந்துவிட்டார்கள். பின்னால் துரத்தி வந்தவர்களைத் தடுக்கச் சிங்காரம் மட்டும் நடுப்பாலத்தில் நின்றான். அன்று யாரிடமோ பறித்த இரும்புக் கவசம் அவன் மேல். ஏழுமலை பகடையை உருட்டினான். பலகை உடைந்தது. சிங்காரம் ஆற்றில் விழுந்தான்.

“ஓடக்காரனுக்குத் தண்ணியில இன்னா சார்” என்று ஏழுமலை சிரித்தான். அவர் தட்டினார். திரையில் நூற்றுப் பதினொன்று வந்தது. கவசத்தோடு விழுந்தவன் பத்துக்குமேல் உருட்ட வேண்டும். ஏழுமலை உருட்டினான். ஆறு. அவன் சிரிப்பு நின்றது.

“அதுக்கு மேல இன்னா போட்டுகீது பாரும்மா.”

அவர் ஸ்கேலைத் திரையின் மேல் வைத்து வரி வரியாக இறக்கினார். கடைசியில் ஒரு வரி இருந்தது. ரங்கன்தான் அதை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னான். “பக்கம் நூத்திப்பன்னெண்டு. படம் என்று உரிமையாளர் சொன்னார். பார்க்கவில்லை.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மூன்று நாற்காலிகளும் என் பக்கம் திரும்பின.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் முதல் பத்தி எனக்கு மனப்பாடம். கரையில் நிற்கும் தோழர் ஒருவரிடம் கயிறு இருந்தால், அவர் தம் உயிரில் பாதியைக் கொடுத்து மூழ்குபவரை இழுக்கலாம். கயிறு இருந்தது. கரையில் ஆளும் இருந்தார். நான் காத்திருந்த நாள் இதுதான். அட்டையைத் திறந்தால் போதும். ஆனால் திறந்தால், அங்கே படம் இல்லை என்பதும் தெரியும்.

“படம்தானே ஓய்?” என்றான் ரங்கன்.

“படம்தான்.”

என் உள்ளங்கை புத்தகத்தின்மேல் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தார். ஏழுமலை பென்சிலை எடுத்து, தாளில் உயிர் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டான். மெதுவாகத்தான் போட்டான், வட்டம் சரியாகச் சேர வேண்டும் என்பதுபோல. பிறகு தாளை உறையில் போட்டு ஸ்பேனர் பையில் வைத்தான். அடுத்த ஞாயிறு புதிதாக ஒரு காவல்காரனை எழுதிக்கொண்டு வந்தான். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. லிப்டு வேலைக்கும் வேறு ஆள் வர ஆரம்பித்தான்.

“அவன் ஏன் வரதில்லை?” என்று ரங்கன் கேட்டான். “ஒரு காகிதத்துக்கா இவ்வளவு?” என்று நான் சொன்னேன். சொன்னது நான் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த மாதத்தில் ஒருநாள் அவர் என் அலுவலகத்துக்கே வந்தார். பதிப்பாளருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டுமாம். தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். அவர் எதிரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து படிக்கும் தெம்பு எனக்கு இல்லை. பணிக்காலம் முழுவதிலும் நான் படிக்காமல் கையெழுத்திட்ட ஒரே தாள் அது.

பிறகு கம்பெனி அவரைப் பம்பாய்க்கு மாற்றியது. போவதற்கு முந்தின ஞாயிறு பிரதிக் கட்டை என்னிடம் கொடுத்தார்.

“உங்க புக்கோட காப்பி சார். உங்ககிட்டதான் இருக்கணும்.”

அவர் போனதும் அவிழ்த்துப் பார்த்தேன். நூற்றுப் பதினொன்றுக்கும் நூற்றுப் பதின்மூன்றுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. மேல் மூலையில் பென்சிலில் 112. வேறொன்றும் எழுதவில்லை. கட்டு முழுவதையும் அலமாரியின் அடித்தட்டில், பழைய பஞ்சாங்கங்களுக்குக் கீழே வைத்தேன். ஆட்டம் நின்றுபோனது. ரங்கன் கம்ப்யூட்டருக்கு மறுபடியும் பட்டுத்துணி போட்டான்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, ஒரு ஜூலை மாதம், பதிப்பாளரிடமிருந்து தடித்த உறை வந்தது. தாமதத்துக்கு மன்னிப்பு. சொந்த உபயோகத்துக்கு ஏற்றிக்கொள்ள அனுமதி. அதன்கீழே, ‘தாங்கள் கேட்டுக்கொண்டபடி, தங்கள் பிரதியில் இல்லாத நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை இணைத்திருக்கிறோம். ஓர் ஓடக்காரரின் உயிர் இதைப் பொறுத்தது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவர் பிழைக்க வேண்டுமென்று விரும்புகிறார்கள்.’ கூடவே என் நினைவூட்டலின் நகல். அடியில் என் கையெழுத்து. அந்தப் பக்கத்தைக் கேட்டு எழுதியவன் நான்தான். அவர் என்னைக் குற்றம் சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை என்று அதுவரை நினைத்து, அதற்கும் எரிந்துகொண்டிருந்தேன். அது பெருந்தன்மையே இல்லை. அந்தப் பக்கத்தில் இருப்பதை அவர் பார்த்திருக்கவில்லை. பார்க்காமல் சொல்ல மாட்டார். பார்ப்பதற்கு ஏற்பாடு மட்டும் செய்துவிட்டுப் போயிருந்தார், என் கையாலேயே.

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஏழுமலை வீட்டைத் தேடிப் போனேன்.

“இன்னா சார், இம்மாந் தூரம்?”

“சிங்காரம் விஷயம்.”

“அவன்தான் பூட்டானே சார்.”

பக்கத்தைக் காட்டி விதியைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னான்.

“கவுறு அந்தம்மா கையிலதான இருந்துச்சு?”

“ஆமாம்.”

“பாதி உசுரக் குடுத்திருக்குமா?”

“கொடுத்திருப்பார்” என்றேன்.

“நீ சொல்லாத சார். அத்து சொல்லணும்.” தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பக்கம் எப்டி வுட்டுப்போச்சு?” என்று கேட்டான்.

“பிரதி எடுக்கையில் விடுபட்டுவிட்டது.”

விடுபட்டுவிட்டது. அரசு மொழியில் எந்தக் காரியத்தையும் யாரும் செய்வதில்லை, அவை தாமாகவே நடக்கும். ஏழுமலை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனான். பிளாஸ்டிக் உறையோடு வந்தான். தாள் அப்படியே இருந்தது. பூஜ்யமும் அப்படியே இருந்தது.

“அத்து சொல்ற வரைக்கும் நான் இத்த அழிக்க மாட்டேன்” என்றான். செத்த பாத்திரத்தின் தாளை மூடாமல் வைத்திருக்க விதியில் இடமில்லை என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

அவருடைய அண்ணன் கடையில் பம்பாய் விலாசம் வாங்கி எழுதினேன். பக்கத்தின் நகலை இணைத்தேன். ஏழுமலையின் கேள்வியை எழுதினேன். ‘பிரதி எடுக்கும்போது விடுபட்ட பக்கம்’ என்றே எழுதினேன். ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி அடிக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். ஏழுமலை வாரம் ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தான். “வந்துச்சா சார்?” வரவில்லை என்பேன். என் பதிலுக்காக அந்த மூன்று வருடமும் அவன் இப்படிக் காத்திருந்ததில்லை. அந்த நிலையிலும் எனக்கு அது உறைத்தது.

ஒரு மழை நாளில் கடிதம் வந்தது. விலாசம் மாறி மாறிச் சுற்றியிருந்தது, உறை முழுக்க முத்திரைகள். உள்ளே ஒரே தாள், சீரான வரிகள்.

‘தாங்கள் அனுப்பிய நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். அன்று கரையில் நின்றேன், கயிறு என்னிடம் இருந்தது. அதனால் என் பாதி உயிரைக் கொடுத்துவிட்டேன், என் தாளிலும் குறைத்துவிட்டேன். ஏழுமலை சாரிடம் சொல்லிவிடுங்கள். பிரதிக் கட்டுக்குள் வெள்ளைத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். எண் எனக்குத் தெரியும், போட்டேன். மற்றது நான் பார்க்காதது, அதனால் எழுதவில்லை.’

பழக்கத்தில் ஒரு பிழை தேடினேன். இல்லை.

ஏழுமலைக்குப் போன் செய்தேன். பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருந்தேன். சொன்னேன். “ரப்பர் எட்த்தாறேன், இரு சார்” என்றான். போனை வைக்காமலே போய்விட்டான்.

அலமாரியைத் திறந்து, பஞ்சாங்கங்களை நகர்த்தி, பிரதிக் கட்டை எடுத்தேன். வெள்ளைத் தாளை மேசைமேல் வைத்தேன். காரணம் என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்ததும், கை தானாகவே ‘நிர்வாகக் காரணங்களால்’ என்று எழுதத் தொடங்கியது. ‘நிர்’ வரைக்கும் போய் நின்றது. அதை ஒற்றைக் கோட்டால் அடித்து, விதிப்படி அடித்த இடத்தில் சுருக்கொப்பமிட்டேன். கீழே, பிரதி எடுத்தவரின் பொறாமை என்று எழுதினேன். அதற்கும் சுருக்கொப்பமிட்டேன். தேதி, 12 நவம்பர் 1998.